திரளாத தயிர்

நாற்பத்தோராயிரத்து முந்நூறு ரூபாய். ஸ்ரீகண்டன் சார் இராஜமாணிக்கத்துக்குத் தர வேண்டிய பாக்கி அது. இதில் நாற்பதாயிரம் கைமாற்று. இராஜமாணிக்கத்தின் மனைவி மங்களம், கார்மென்ட்ஸில் ஓவர்டைம் பார்த்துக் கட்டிய சீட்டுப் பணம். மிச்சம் நிற்கும் ஆயிரத்து முந்நூறை வெளியில் சொல்ல முடியாது. சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும்.

அது எப்படி வந்தது என்றால், பொம்மனஹள்ளி தாண்டி உள்ளே போனால் ஒரு தனியார் பி.யு. கல்லூரி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்கு இந்த ஊரில் பி.யு. என்று பெயர். அங்கே கெமிஸ்ட்ரி லேபுக்கு ஸ்ரீகண்டன் சார் பொறுப்பாளர், இராஜமாணிக்கம் அட்டெண்டர். வருஷக் கடைசியில் பிராக்டிகல் பரீட்சை வரும். ஆளுக்கொரு பொட்டலம் உப்பு கொடுப்பார்கள். அதில் இருப்பது எது என்று சோதித்து எழுத வேண்டும். உப்பின் ஒரு பாதி நேர் அயனி, மறு பாதி எதிர் அயனி. எதிர் அயனியில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். கார்பனேட்டா, குளோரைடா, சல்பேட்டா, நைட்ரேட்டா என்று முழிப்பார்கள். அப்போது அட்டெண்டரைப் பார்ப்பார்கள். ஐம்பது ரூபாய் கை மாறும். டியூபைக் கழுவி வைக்கிற சாக்கில் அட்டெண்டர் ஒரு சொல் முணுமுணுத்துவிட்டுப் போவார். நல்ல வழக்கம் இல்லைதான். ஆனாலும் வழக்கம்.

இராஜமாணிக்கத்துக்கு இதற்கென்றே நாலு சொல் இருந்தது. சோடா, தயிர், சுண்ணாம்பு, மோதிரம். ஆசிட் விட்டதும் நுரைத்துப் பொங்கினால் கார்பனேட், அது சோடா. சில்வர் நைட்ரேட் விட்டதும் வெள்ளையாகத் திரள் திரளாக விழுந்தால் குளோரைடு, அது தயிர். பேரியம் குளோரைடில் மாவு மாதிரி வெளுத்தால் சல்பேட், அது சுண்ணாம்பு. டியூபின் நடுவில் பழுப்பு வளையம் கட்டினால் நைட்ரேட், அது மோதிரம். காதில் விழுந்தாலும் பரீட்சை நடத்த வந்தவருக்குப் புரியாது, காசு கொடுத்த பிள்ளைகளுக்கு மட்டும் புரியும். வசூலாகும் பணம் ஸ்ரீகண்டன் சாரிடம் போகும். பாதி அவருக்கு, பாதி இவருக்கு. போன வருஷம் ஐம்பத்திரண்டு பிள்ளைகள் கொடுத்தார்கள். இவர் பங்கு ஆயிரத்து முந்நூறு. "அதையும் நாற்பதாயிரத்தோட சேத்துக்குங்க ராஜண்ணா, ஒண்ணாவே குடுத்துடறேன்" என்றார் சார். சேர்த்தாகிவிட்டது.

செங்கம் பக்கத்திலிருந்து வந்த ஆள் இராஜமாணிக்கம். இந்தக் கல்லூரிக் கட்டடம் எழும்பும்போது மூன்றாவது மாடிக்கு மணல் சுமந்தவர். கட்டடம் முடிந்ததும் மேஸ்திரி வேறு சைட்டுக்குப் போனான், இவர் வாட்ச்மேனாக இங்கேயே தங்கினார். பிறகு லேபில் டியூப் கழுவப் போட்டார்கள். நாற்பத்துமூன்று வயது வரை ஓர் எழுத்தும் தெரியாது. முதலில் பிடிபட்டது பாட்டில் மேல் ஒட்டியிருந்த Cl. அப்புறம் SO₄, NO₃, Ag, Pb என்று ஒவ்வொன்றாக. பேர் தெரியாத கூட்டத்தில் முகம் தெரிந்த ஆட்களைப் போல அவை அவருக்குப் பழகின. அதன் பிறகு, அஞ்சாவது படித்த மங்களம் தமிழ் எழுத்தைக் காட்டிக்கொடுத்தாள். போன இரண்டு வருஷமாக நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று நின்று கன்னட எழுத்தையும் கூட்டிக்கொண்டார். அதை யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பத்தேழு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஸ்ரீகண்டன் சார் அப்படியில்லை. தாத்தா காலத்திலேயே மைசூர் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒரே எச்சிலில் ஊறும். கல்லூரி ஊழியர்களில் வீட்டிலும் தமிழ் பேசுகிறவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். பதினோரு வருஷமாக மத்தியானச் சாப்பாடு ஒரே மேசையில். சாரின் மனைவி ஜெயலக்ஷ்மி புளியோதரை கட்டும் நாளில், "இது உங்க ராஜண்ணாவுக்கு" என்று ஒரு டப்பா தனியாக வரும். அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோதுதான் நாற்பதாயிரம் போனது. பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. சாப்பாட்டு மேசையில் யார் பத்திரம் எழுதுவார்கள்?

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை பரீட்சை. பரீட்சை நடத்த வேறு கல்லூரியிலிருந்து ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். முதல் பெஞ்சுப் பெண்ணுக்கு வந்தது அம்மோனியம் குளோரைடு. அவள் ஐம்பது கொடுத்தவள். இராஜமாணிக்கம் பக்கத்தில் போய் "தயிர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவளும் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டினாள். ஏதோ வெள்ளை வந்தது, ஆனால் திரளவில்லை. மணல் மாதிரி அடியில் உட்கார்ந்தது. அடுத்து அம்மோனியா விட வேண்டும், விட்டால் வெள்ளை கரைந்து டியூப் தெளிய வேண்டும். தெளியவில்லை. இன்னும் வெளுத்தது.

அவள் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அங்கிள், தயிர்னீங்க. கரையவே இல்ல. என்ன அங்கிள் இப்படிப் பண்றீங்க?"

"இன்னும் ரெண்டு சொட்டு விடு பாப்பா."

"பாதி பாட்டில் விட்டாச்சு."

பின்னால் இன்னும் மூன்று பேர் முழித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பையன் குளோரைடை அடித்துவிட்டு சல்பேட் என்று எழுதியிருந்தான். பெரியவர் எழுந்து வந்து தன் கையாலேயே செய்து பார்த்தார். பரீட்சையை நிறுத்தினார். பாடம் எடுக்கும் அம்ருதா மேடம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கல்லூரிக்கு ஓடி, சின்னப் பழுப்புச் சீசாவில் சில்வர் நைட்ரேட் கடன் வாங்கி வந்தாள். அதைப் பெஞ்சுக்குப் பெஞ்சு பிரித்து ஊற்றியது இராஜமாணிக்கம். அவசரத்தில் கொஞ்சம் விரலில் வழிந்தது. அதை ஊற்றியதும் டியூபுக்குள் தயிர் தயிராகத் திரண்டது. அம்மோனியாவில் கண்ணாடி மாதிரி தெளிந்தது. பரீட்சை எப்படியோ முடிந்தது.

மறுநாள் காலை பிரின்சிபால் மேடம் அறைக்குள் சாரும் அம்ருதா மேடமும் இருந்தார்கள். இராஜமாணிக்கம் கதவுக்கு வெளியில் நின்றார். உள்ளே பேச்செல்லாம் இங்கிலீஷில். சார் இங்கிலீஷில் பேசி இவ்வளவு நேரம் இவர் கேட்டதில்லை. அந்த இங்கிலீஷுக்கு நடுவில் தன் பேர் மூன்று முறை வந்தது. 'டிப்ஸ்' என்பது இரண்டு முறை. 'கீ' என்பது ஒரு முறை. மற்றதெல்லாம் புரியவில்லை. ஆனால் அந்த மூன்றையும் ஒரு கோட்டில் வைத்துப் பார்க்க இங்கிலீஷ் தேவையில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். மேடம் கன்னடத்தில் கேட்டார். பரீட்சையில் பிள்ளைகளிடம் காசு வாங்குகிறீர்களாமே, உண்மையா? பீரோவில் கால் கிலோ சில்வர் நைட்ரேட் இருக்க வேண்டும். விலை ஏறுவதற்கு முன்னால் மொத்தமாக வாங்கியது. இன்றைய வெள்ளி விலைக்கு அறுபதாயிரத்துக்கு மேல் போகும். இப்போது அந்த மூன்று பாட்டிலிலும் இருப்பது சில்வர் நைட்ரேட் இல்லை. இருப்பது எது என்று இன்னும் தெரியாது, வெளி லேபுக்கு அனுப்பத்தான் வேண்டும். பீரோ சாவி சாரின் மேசை டிராயரில் கிடப்பது உங்களுக்குத் தெரியுமாமே? திங்கட்கிழமை வரை நேரம். அதற்குள் உண்மையைச் சொல்லாவிட்டால் போலீஸ்.

இராஜமாணிக்கம் சாரைப் பார்த்தார். சார் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ விசேஷ நாளைத் தேடுகிற மாதிரி.

அன்று மாலை மங்களம் ஷிஃப்ட் முடிந்து வந்து டீ போட்டாள். டம்ளரை நீட்டும்போது இவர் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"வந்துடுச்சா? இந்த வருஷம் இன்னாடா கை கறுக்கவே இல்லியேன்னு நெனச்சேன்."

கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் கன்னங்கரேலென்று இருந்தன. சில்வர் நைட்ரேட் பட்டால் அப்படித்தான். படும்போது தண்ணீர் மாதிரி இருக்கும், வெளிச்சத்தில் மறுநாள் கறுக்கும். சோப்புக்குப் போகாது. தோல் உரிந்துதான் போகும். ஒவ்வொரு வருஷமும் ஜூலையில் கரைசல் போடும் வாரம் அவர் கை இப்படி ஆகும். மை வைத்த கையோடு சோறு தின்கிறார் என்று மங்களம் திட்டுவாள்.

"இந்த வருஷம் கறுக்கலியா?"

"நான்தான சோறு போடறேன், எனக்குத் தெரியாதா? ஒரு நாளும் கறுக்கல."

இராஜமாணிக்கம் டீயைக் கீழே வைத்தார். ஜூலையில் சார் சொன்னது நினைவு வந்தது. 'நானே கரைச்சு வெச்சுட்டேன் ராஜண்ணா. உங்க கை எதுக்கு வீணாப் போகணும்.' அன்றைக்கு அதைக் கேட்டு இவர் மனம் குளிர்ந்துபோனது. ஜெயலக்ஷ்மி அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து சார் ரொம்ப இளகிவிட்டார் என்று மங்களத்திடம்கூடச் சொன்னார். அதன் பிறகு இத்தனை மாசத்தில் சொட்டுச் சீசாக்களைப் பத்துப் பதினைந்து முறையாவது நிரப்பியிருப்பார். வழிந்திருக்கும், பட்டிருக்கும். ஒரு விரலும் கறுக்கவில்லை. அப்படியென்றால் ஜூலையிலிருந்தே அது வெள்ளி இல்லை. வகுப்பில் எந்த உப்பு என்று முன்னாலேயே தெரியும், வெள்ளை வந்ததும் யாரும் அம்மோனியா விட்டுப் பார்க்காமல் எழுதிவிடுவார்கள்.

"கடைக்காரன் போலி குடுத்திருப்பான்" என்றார், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி.

"குடுத்திருந்தா சாரு கண்டுபிடிச்சிருக்க மாட்டாரா? அவரு படிச்சவரு" என்றாள் மங்களம். அவள் சாருக்காகத்தான் பேசினாள். அது இவர் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கியது.

சனிக்கிழமை காலை சாரே போன் செய்தார். கல்லூரிக்கு எதிரில் இருக்கும் ஓட்டலில் மூலை மேசையில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. இரண்டு காபி சொன்னார்.

"ராஜண்ணா, நேத்து நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. மேடம் போலீஸ்னு நின்னாங்க. நான்தான் தடுத்து வெச்சிருக்கேன்."

"சாவி உங்க கிட்டதான சார் இருக்கும்?"

"இருக்கும். யார் இல்லேன்னா? சும்னே அதெல்லாம் இழுத்தா ரெண்டு பேருக்கும் பேஜார். டிப்ஸ் விஷயம் வேற வெளிய வந்தாச்சு."

"எப்படி சார் வெளிய வந்துச்சு?"

சார் காபியை ஆற்றினார். பையிலிருந்து ஒரு காகிதத்தையும் தடித்த கவரையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுல நாற்பத்தோராயிரத்து முந்நூறு முழுசா இருக்கு. உங்க பணம். இந்த லெட்டர்ல ஒரு கையெழுத்து போடுங்க, வாங்கிக்குங்க. சுத்தம் பண்றப்ப கை தவறி மூணு பாட்டிலும் உடைஞ்சு போச்சு, பயத்துல வேற எதையோ போட்டு வெச்சிட்டேன், மன்னிச்சுடுங்கன்னு எழுதியிருக்கேன். அவ்ளோதான். உடைச்சதுக்கு யாரும் ஜெயிலுக்கு அனுப்ப மாட்டாங்க. ஒரு மாசச் சம்பளம் பிடிப்பாங்க, நான் பாத்துக்கறேன். உங்க வேலைக்கு நான் கேரண்டி."

"கன்னடத்துல இருக்குதே."

"மேடத்துக்குக் கன்னடத்துலதானே குடுக்கணும்? நான் படிச்சுச் சொல்லிட்டேனே."

பதினோரு வருஷமாக அப்படித்தான். ஸ்டாக் ரெஜிஸ்டர், சம்பள வவுச்சர், எதுவானாலும் சார் விரல் வைத்த இடத்தில் இவர் கையெழுத்துப் போடுவார். இன்றைக்கும் சாரின் விரல் காகிதத்தின் அடியில் ஓரிடத்தில் நின்றது.

இராஜமாணிக்கம் கண்ணைக் காகிதத்தில் வைத்தார். சாரின் கையெழுத்து, முத்து முத்தாக. மேலே தேதி, அன்றைய தேதி. நடுவில் முதலில் கண்ணில் பட்டவை கன்னட எழுத்துகள் இல்லை. பழகிய முகங்கள். AgNO₃ என்று ஒன்று. அடுத்த வரியில் Pb(NO₃)₂ என்று ஒன்று. ஈயம். லெட் நைட்ரேட். 'வேற எதையோ' என்றுதானே சார் படித்தார், ஈயம் என்று சொல்லவில்லையே?

அப்புறம் பக்கத்துச் சொல்லை எழுத்துக்கூட்டினார். க. அடுத்து இரட்டை எழுத்து. கத்து. தமிழில் படித்தால் கத்து என்பது கூச்சல் போடுவது. கன்னடத்தில் அது வேறு. முப்பது வருஷமாக இந்த ஊரில் செருப்பும் சைக்கிளும் காணாமல் போகும்போதெல்லாம் காதில் விழுந்த சொல். கத்து என்றால் திருடி. அடுத்த சொல் மாரிதே. விற்றேன். 'திருடி விற்றேன்.' ஒடெது, அதாவது உடைத்து, என்கிற சொல் காகிதத்தில் எங்கேயும் இல்லை. மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை தேடினார். இல்லை.

ஓட்டலில் யாரோ இட்லிக்கு டோக்கன் கேட்டார்கள். சார் திருடியது கூட இராஜமாணிக்கத்துக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஆளுக்கு என்ன நெருக்கடியோ, அத்திபெலேயில் வாங்கிய வீட்டு மனைக்குத் தவணை கட்ட முடியாமல் திணறுகிறார் என்று தெரியும். ஆனால் எதிரில் உட்கார்ந்து, காபி வாங்கிக் கொடுத்து, ஒன்றை எழுதிவிட்டு வேறொன்றைப் படித்துக் காட்டுகிறாரே. இவனுக்குப் படிக்கத் தெரியாது என்கிற தைரியம். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்கள். இங்கே உண்ட வீடு எது, உண்டவன் யார்?

"மங்களத்தை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடறேன் சார்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "பணம் அவளோடது."

சார் யோசித்தார். மங்களத்துக்கும் கன்னடம் படிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். "சரி. திங்கட்கிழமை காலைல கையெழுத்தோட வாங்க" என்று காகிதத்தை விட்டார். கவரைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வீட்டில் மங்களம் முழுக்கக் கேட்டாள். அழவில்லை.

"போட்டா இன்னா ஆவும்?"

"வேலை நிக்கலாம். பணம் வரும். திருடன்னு ஆவும்."

"போடலன்னா?"

"அப்பவும் திருடன்னுதான் சொல்லுவாங்க. ஆனா அது அவங்க சொன்னதா இருக்கும். நான் எழுதிக் குடுத்ததா இருக்காது."

"டிப்ஸை இன்னா பண்ணுவ? அதைக் கேட்டா?"

இராஜமாணிக்கம் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "வாங்கினேன்னு சொல்லிடறேன்" என்றார்.

திங்கட்கிழமை இராஜமாணிக்கம் பிரின்சிபால் மேடத்திடம் ஒன்றே ஒன்று கேட்டார். லேபுக்கு வாருங்கள், அந்தப் பாட்டிலில் இருப்பது எது என்று நானே காட்டுகிறேன். அம்ருதா மேடம் ஆச்சரியமாகப் பார்த்தாள். சார் சிரித்தார்.

"அது சில்வர் இல்லேன்னா வேற நைட்ரேட்தான். பிரவுன் ரிங் டெஸ்ட் நான் பாத்துட்டேன், வளையம் வருது. அதுக்கு மேல இவருக்கு என்ன தெரியும்?"

"மோதிரம் ரெண்டுக்கும் வரும் சார்" என்றார் இராஜமாணிக்கம். "மோதிரத்தை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது."

இரண்டு டியூப் எடுத்தார். ஒன்றில் பீரோப் பாட்டில் கரைசல், மற்றதில் கடன் வாங்கிய சீசாவில் மிஞ்சியது. இரண்டிலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டார். இரண்டும் வெளுத்தன. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி இரண்டையும் கொதிக்கும் தண்ணீர்ப் பீக்கருக்குள் நிறுத்தினார். ஐந்து நிமிஷத்தில் கடன் சீசாவின் தயிர் அப்படியே கிடந்தது. பீரோப் பாட்டிலின் வெள்ளை காணாமல் போய்த் தண்ணீராக நின்றது. அதை வெளியே எடுத்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினார். ஆற ஆற, உள்ளே ஊசி ஊசியாகப் பளபளவென்று இறங்கியது.

"ஈயம்" என்றார்.

அம்ருதா மேடம் குனிந்து பார்த்தாள். "லெட் குளோரைடு. கரெக்ட் மேடம். லெட் நைட்ரேட்டை மாத்திப் போட்டிருக்காங்க. இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினாலு வருஷம் பிள்ளைங்க செஞ்ச டியூபைக் கழுவறேன் மேடம். எது கழுவினா போகும், எது போகாதுன்னு தெரியாமயா?"

சார் இதற்காகக் காத்திருந்த மாதிரி முன்னால் வந்தார். கன்னடத்துக்கு மாறினார். மேடத்துக்கு நன்றாகப் புரியட்டும் என்றுதானோ என்னவோ. "பார்த்தீர்களா மேடம்? அட்டெண்டருக்கு என்ன தெரியும் என்று நீங்களே வெள்ளிக்கிழமை கேட்டீர்கள். இவ்வளவு தெரிந்தவனுக்கு மாற்றி வைக்கத் தெரியாதா? வெள்ளையும் வர வேண்டும், வளையமும் வர வேண்டும் என்று பார்த்துப் போட்டிருக்கிறான்."

நீங்க, உங்க என்று பதினோரு வருஷம் பேசிய வாய். இப்போது அவன் ஆகிவிட்டது. இராஜமாணிக்கம் கையிலிருந்த டியூபை ஸ்டாண்டில் நிறுத்தினார். மேடத்தின் முகம் மாறியிருந்தது. சாரின் பேச்சில் நியாயம் இருப்பதாகத்தான் யாருக்கும் தோன்றும்.

சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"சனிக்கிழமை சார் தன் கையால எழுதி இதைக் குடுத்தாரு. கையெழுத்து போட்டா என் கடன் பணத்தைத் தர்றதா சொன்னாரு. பாட்டில் உடைஞ்சதா எழுதியிருக்குதுன்னு எனக்குத் தமிழ்ல படிச்சாரு. நீங்க கன்னடத்துல படிங்க."

மேடம் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தார். காகிதத்தை அம்ருதா மேடத்திடம் கொடுத்தார். அம்ருதா மேடம் தேதியைப் பார்த்தாள், பிறகு ஊசி ஊசியாக இறங்கியிருந்த டியூபைப் பார்த்தாள்.

"சார்" என்றாள் மெதுவாக. "லெட் நைட்ரேட்னு இன்னைக்குத்தானே நமக்குத் தெரியுது. சனிக்கிழமையே நீங்க எப்படி எழுதினீங்க?"

ஸ்ரீகண்டன் சார் வாயைத் திறந்தார். கன்னடமும் வரவில்லை, தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை.

"நீங்க கன்னடம் படிப்பீங்களா ராஜண்ணா?" என்றார் கடைசியில். அந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

"எழுத்துக்கூட்டி" என்றார் இராஜமாணிக்கம்.

மேடம் திரும்பி இவரிடம் கேட்டார். "நிஜ ஹேளி, உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் காசு வாங்கியது?"

"வாங்கினேன் மேடம். வருஷா வருஷம். பாதி சாருக்கு."

இப்படியாக உண்மை வெளியில் வந்தது. வந்தாலும் எல்லாருக்கும் ஒரே நியாயம் கிடைத்துவிடவில்லை. கல்லூரிப் பேர் கெட்டுவிடும் என்று நிர்வாகம் போலீசுக்குப் போகவில்லை. சார் அந்தக் கவரோடு இன்னும் இருபதாயிரம் புரட்டி வெள்ளிக்கான பணத்தைக் கட்டினார். சொந்தக் காரணத்தால் விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். நல்ல நடத்தை என்று அவருக்கு ஒரு சான்றிதழும் தந்தார்கள். டிப்ஸ் வாங்கிய குற்றத்துக்கு இராஜமாணிக்கத்துக்கு ஒரு மாசச் சம்பளம் பிடித்தார்கள். இனிமேல் லேபுக்குள் வரக் கூடாது, தோட்டத்துக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று போட்டார்கள். அந்த உத்தரவு நோட்டீஸ் போர்டில் கன்னடத்தில் ஒட்டியிருந்தது. அவரே நின்று படித்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, சார் வீடு தேடி வந்தார். சந்துக்குள் வண்டியை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தவித்தார். பதினோரு வருஷத்தில் அவர் இந்த வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. மங்களம் நாற்காலியைப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். யாராக இருந்தாலும் வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது.

"ஜெயாவுக்கு எதுவும் தெரியாது ராஜண்ணா" என்றார் சார். "வேற காலேஜ்ல சேரப் போறேன்னு சொல்லியிருக்கேன். நேத்துகூட உங்களைக் கேட்டா. ராஜண்ணாவுக்கு டப்பா குடுத்து அனுப்பி நாளாச்சேன்னு."

சார் குடித்து வைத்த டம்ளரை எடுத்து மங்களத்திடம் கொடுத்தார் இராஜமாணிக்கம்.

"உங்க பேரைச் சொல்லணும்னு நான் நினைக்கல. யார் பேரையாவது சொல்ல வேண்டியிருந்தது. உங்களைச் சொன்னா நீங்க புரிஞ்சுக்குவீங்கன்னு தோணிச்சு."

"புரிஞ்சுது சார்."

சார் நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை நாற்காலிக் கை மேல் வைத்தார். "இப்போதைக்கு ரெண்டாயிரம். மாசா மாசம் நானே வந்து குடுத்துடறேன். ஒரு ரூபா விடாம அடைச்சுடுவேன். ரெண்டு வருஷத்துக்குள்ள."

இராஜமாணிக்கம் மங்களத்தைப் பார்த்தார். நாற்பதாயிரம் அவளுடைய கால் வீக்கம், கழுத்து வலி. அவர் தனியாக முடிவு சொல்கிற பணம் அது இல்லை. மங்களம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மாசா மாசம் வருவீங்களா?"

"கண்டிப்பா வருவேன்மா."

"அப்ப எனக்கு வேணாம்" என்றாள். "என் பங்கை நான் விட்டுட்டேன். உன் பங்கை நீ சொல்லுய்யா."

சார் நிமிர்ந்தார். "அதெப்படிம்மா, கடன் கடன்தானே? நான் ஏமாத்த வரல."

"கடன்னு ஒண்ணு இருந்தா நீங்க வந்துக்கினே இருப்பீங்க சார்" என்றார் இராஜமாணிக்கம். "வந்தா நாற்காலி போடணும், தண்ணி குடுக்கணும், வீட்ல சவுக்கியமான்னு கேக்கணும். இருபது மாசம் உங்க மூஞ்சியைப் பாத்து என்னால அதைக் கேக்க முடியாது. நாற்பதாயிரமும் போச்சு, ஆயிரத்து முந்நூறும் போச்சு. இனிமே நீங்க எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல."

"ராஜண்ணா..."

"என் பேரு இராஜமாணிக்கம் சார்."

ரூபாய் நோட்டுகளை எடுத்துச் சாரின் சட்டைப் பையில் அவரே வைத்தார். வண்டியைச் சந்திலிருந்து பின்னுக்கு எடுக்கச் சிரமப்பட்டபோது, முன்னால் போய் நின்று, வலது பக்கம், இன்னும் கொஞ்சம், போதும், என்று கை காட்டி அனுப்பிவிட்டு உள்ளே வந்தார்.